மூன்றாவது எழுத்து

தை பிறந்து மூன்றாம் நாள், ஞாயிறு.
எர்மட்டிங்கன் படகுத்துறையில் மைனஸ் நான்கு.
வெதுப்பகத்தில் இரவு வேலை முடித்து
கண்ணிமை மயிரில் மாவோடு வந்து நிற்கிறேன்.
ஊர்சினா தொலைநோக்கியின் முக்காலியை
உறைந்த மண்ணில் குத்தி நிறுத்துகிறாள்.
பல் வைத்தியரிடம் வேலை அவளுக்கு;
வாய்களைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்க்க
மாதத்தில் இந்த ஒரு நாள்தானாம்.

ஏரியைப் பங்கு போட்டுக்கொள்கிறோம்.
நாணல் முனையிலிருந்து சிவப்பு மிதவை வரை எனக்கு.
அதற்கப்பால், ரைஷனாவ் தீவின் கண்ணாடித் தோட்டங்கள் வரை, அவளுக்கு.

செந்தலை வாத்து. குடுமி வாத்து.
வடக்கே குளங்கள் மூடிக்கொண்ட இரவுகளில் வந்திறங்கியவை.
கட்டைவிரலுக்கடியில் எண்ணி சொடுக்குகிறது,
பத்துக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று.
நூறு என்று முடிக்கும்போது
எழுபதுதான் மேலே இருக்கிறது.
மீதி முப்பதும் அடியில்
வரிச்சிப்பி பொறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று நம்ப வேண்டும்.
நம்பிக்கைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

"நீங்களும் ஒரு வலசைப் பறவைதானே?"
போன வருடம் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கேட்டார்.
இல்லை என்றேன்.
நான் ஒரே ஒருமுறைதான் வந்தேன்,
அதுவும் லொறியில்.

பெரும்பாலும் தூக்கம். இரவெல்லாம் மேய்ந்துவிட்டு
அலகை முதுகில் செருகிக்கொண்டு மிதக்கின்றன.
இவற்றுக்கும் இரவு வேலைதான்.
ஒன்று மட்டும், குடுமி வாத்துப் பெட்டை,
பசி தீராமல் இன்னும் மூழ்கிக்கொண்டிருந்தது.
மேலே வந்தபோது அலகின்மேல் ஒரு நீலம்.

மூக்குத் தகடு.
யாரோ எங்கேயோ கையில் பிடித்து, நிறுத்து,
எழுத்து மாட்டி விட்டிருக்கிறார்கள்.
புது மூக்குத்திக்குப் பழகாத பிள்ளைபோல
தலையை ஒருமுறை உதறியது.
போய்விட்டது.

பத்தொன்பது விநாடி.
முதல் எழுத்து, கே.
மறுபடி அடியில். என் மூச்சுப் பட்டு
கண்ணாடி மங்கியதைச் சட்டையால் துடைத்தேன்.
இருபத்திரண்டு விநாடி, மிதவைக்கு இடப்புறம்.
ஏழு.
"கே ஏழு!" என்று கத்தினேன்.
ஊர்சினா தன் பங்கை விட்டு இந்தப் பக்கம் திரும்ப,
அவள் எண்ணி வைத்திருந்த ஆயிரத்து நூறும் போயிற்று.
மூன்றாவதற்கு அது எழுந்த இடம் நாணலோரம்,
சரியாக வெயிலுக்கு முன்னால்.
மூன்றா, எட்டா?

அந்த நேரம் பார்த்துத்தான்
மூடுபனிக்குள்ளிருந்து துடுப்புப் பலகையில் ஒருவன்,
மஞ்சள் தொப்பி, எங்களுக்குக் கையசைத்தபடி.
ஏரி முழுதும் தண்ணீர்மேல் ஓடியது.
இந்த வாத்துகளால் நின்ற இடத்திலிருந்து எழ முடியாது,
ஓடித்தான் ஆகவேண்டும்.
பிறகு அவனைத் தவிர ஒன்றுமில்லை.
ஊர்சினா தன் ஊர்ப்பேச்சில் ஒரு சொல் சொன்னாள்.
பதினாறு வருடத்தில்
வெதுப்பகத்தில்கூட நான் கேட்காத சொல்.

மாசியில் பதில் வந்தது, லாத்வியாவிலிருந்து,
ஸிந்த்ரா என்ற கையொப்பத்தோடு.
கே எழுபத்து மூன்று: கூட்டில் அடைகாத்தபோது பிடித்தது.
ஒன்பது முட்டை. ஆறு வருடமாகத் தகவல் இல்லை.
கே எழுபத்தெட்டு: பிரான்ஸில் சுடப்பட்டது,
இரண்டு குளிர்காலத்துக்கு முன்.
தகட்டைக் கழுவித் தபாலில் அனுப்பியிருந்தார் வேட்டைக்காரர்.
ஆகவே உங்களுடையது மூன்றாகத்தான் இருக்க வேண்டும்.
உறுதிசெய்து அனுப்புங்கள்.

நான் பார்த்தது ஒரு வளைவு.
இடப்பக்கம் திறந்திருந்ததா,
வெயில் அதைத் தின்றுவிட்டதா?
செத்தது மூழ்கி எழாது. அது எனக்கும் தெரியும்.
தெரிந்ததை எழுதச் சொல்லவில்லை, கண்டதைத்தானே கேட்டார்கள்.
'உறுதியில்லை' என்ற கட்டத்தில்
குறி போட்டு அனுப்பினேன்.

பங்குனி. எண்ணும் நாள் அல்ல, செவ்வாய்க்கிழமை.
வேலை முடிந்து துறைக்கு வந்தேன்.
ராத்திரியே கிளம்பிவிட்டிருந்தன.
சிவப்பு மிதவை. நாணல்.
யாரோடோ சண்டை பிடிக்கும் ஒரு நாமக்கோழி.
நாணலோரத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பத்தொன்பது, இருபது,
இருபத்தொன்று